பட்டதா, படவில்லையா? – விளையாட்டு அம்புக்கு ஓர் இலத்திரனியல் இலக்குப் பலகை

(க.பொ.த. சாதாரண தரம் – இலத்திரனியல் அலகுக்கான செயன்முறைக் கட்டுரை)



இலத்திரனியல் அலகை நீங்கள் பாடநூலில் ஒரு தடவையாவது வாசித்து முடித்திருப்பீர்கள். குறைகடத்தி, இருவாயி, திரான்சிற்றர் ஆகிய சொற்கள் மனத்தில் நிற்கும். ஆனால் "திரான்சிற்றர் ஓர் ஆளியாகத் தொழிற்படும் விதத்தை விளக்குக" என்று வினா வந்தவுடன் பேனா நின்றுவிடுகிறது. மனனம் செய்த இரண்டு வரியை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். அந்த வினாவுக்கு முழுப் புள்ளி பெறச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கலைப் பட்டதாரி. வகுப்பில் நான் கற்பிப்பது தமிழும் வரலாறும். இலத்திரனியலை நான் கற்றது கலகெதர கடைத்தெருவில் வானொலி திருத்தும் ஒருவரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான். ஆகவே எந்த இடத்தில் புரியாமல் போகும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அந்த இடங்களில் மெதுவாகச் செல்வோம்.

விடயம் ஒரு சண்டையில் தொடங்கியது. டிசம்பர் விடுமுறையில் 11ஆம் தர மாணவர் ஒருவர், மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுத் துப்பாக்கி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். ஸ்பொன்ஞ்சினால் செய்த சிறிய அம்புகள் அதிலிருந்து பாயும். இடைவேளையில் பழைய கலண்டர் மட்டை ஒன்றில் வட்டம் கீறி, சுவரில் தொங்கவிட்டுப் போட்டி வைத்தார்கள். "பட்டது சேர்!" என்றார் ஒருவர். "இல்லை சேர், ஓரத்தால் போனது" என்றார் மற்றவர். தீர்ப்புக் கூற என்னை அழைத்தார்கள். நானோ அந்த நேரம் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்த அந்த இருவரும் அதன்பின் ஒரு வாரம் வேறு வேறு வாங்கில் இருந்தார்கள். மனிதக் கண்ணால் தீர்க்க முடியாத இந்த வழக்கைத் தீர்க்கத்தான் பலகை செய்யத் தொடங்கினோம்.

பலகை செய்ய வேண்டிய வேலை என்ன?

அம்பு பட்டதை உணர வேண்டும். அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். பின்னர் ஒளியாலோ ஒலியாலோ அறிவிக்க வேண்டும். தகவல் தொழினுட்பப் பாடத்தில் உள்ளீடு, முறைவழி, வெளியீடு என்று படிக்கிறீர்களே, அது இதுதான். எங்கள் பலகையில் உள்ளீடு இலகு, வெளியீடு அதைவிட இலகு. நடுவில் உள்ள ஞாபகம்தான் எங்களை மூன்று நாள் அலைக்கழித்தது.

உணர்வதற்கு முன் அம்பு எவ்வளவு விசையுடன் மோதுகிறது என்று கணித்துப் பார்ப்போம். இயக்கவியல் பாடத்தையும் இங்கேயே ஒரு தடவை மீட்டிக்கொள்ளலாம். ஸ்பொன்ஞ் அம்பின் திணிவு ஏறத்தாழ 1 கிராம், அதாவது 0.001 கிலோகிராம். அதன் வேகத்தைச் செக்கனுக்கு 20 மீற்றர் என எடுத்துக்கொள்வோம்.

உந்தம் = திணிவு × வேகம் = 0.001 × 20 = 0.02 கிலோகிராம் மீற்றர்/செக்கன்.

இயக்கசக்தி = ½ × 0.001 × 20 × 20 = 0.2 யூல்.

அம்பு பலகையில் மோதி 10 மில்லிசெக்கனில், அதாவது 0.01 செக்கனில் நின்றுவிடுகிறது எனக் கொண்டால்,

சராசரி விசை = உந்த மாற்றம் ÷ நேரம் = 0.02 ÷ 0.01 = 2 நியூற்றன்.

2 நியூற்றன் என்பது 200 கிராம் திணிவின் நிறை. 100 கிராம் சவர்க்காரக் கட்டிகள் இரண்டைக் கையில் வைத்துப் பாருங்கள்; அவ்வளவுதான். அம்பு நின்றுவிடாமல் பின்னோக்கித் துள்ளுமானால் உந்த மாற்றம் கூடும், ஆகவே விசையும் கூடும். (இதைக் காரணம் காட்டி எழுதும்படி கேட்கலாம். வேகத்தின் திசை மாறுவதால் என்று எழுத மறக்க வேண்டாம்.)

இந்தக் கணிப்பு வெறும் கணிப்பு அன்று. பலகையின் முகத்தில் போத்தல் மூடி ஒன்றை வைத்து, அதன்மேல் சவர்க்காரக் கட்டிகள் இரண்டை வைக்கும்போது தொடுகை ஏற்பட வேண்டும். ஏற்படாவிட்டால் பலகை மிக விறைப்பானது. அம்பு பட்டாலும் அதற்குத் தெரியாது. ஒரு கட்டியுடனேயே தொடுகை ஏற்பட்டால் காற்றுக்கும் அது "பட்டது" என்று சொல்லும்.

பலகையை அமைத்தல்

காலணிப் பெட்டியின் மட்டையிலிருந்து ஒரே அளவான இரண்டு சதுரங்களை வெட்டிக்கொள்க. ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளை ஒட்டுக. பசை தாளின் வெளிமுகத்தில் படக்கூடாது. உலர்ந்த பசை ஒரு காவலி. இரண்டு அலுமினிய முகங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, இடையில் மெல்லிய ஸ்பொன்ஞ் தகடு ஒன்றை வைக்க. அந்தத் தகட்டில் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவில் பல துளைகள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். பின் மட்டையை ரெஜிபோம் துண்டொன்றில் அசையாமல் ஒட்டிவிடுங்கள். ஒவ்வோர் அலுமினியத் தாளிலிருந்தும் ஒரு கம்பி வெளியே வரட்டும். அலுமினியத்தில் பற்றாசு பிடிக்காது என்பதைக் குறித்துக்கொள்க. கம்பியின் நுனியை ஓர் அங்குலம் அளவு உரித்து, தாளுடன் சேர்த்து மடித்து, காகித இடுக்கியால் இறுக்கினால் போதும்.

அம்பு படும்போது முன் மட்டை உள்ளே வளையும். துளை ஒன்றினூடாக இரண்டு அலுமினிய முகங்களும் தொடும். அம்பு விலகியதும் ஸ்பொன்ஞ் மீண்டும் பிரித்துவிடும். அதாவது நீங்கள் செய்திருப்பது ஓர் அழுத்து ஆளி. தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்படுத்தியைக் கழற்றிப் பார்த்தவர்கள் அங்கேயும் இதே வகையான ஏற்பாட்டைக் கண்டிருப்பார்கள்: இறப்பர்ப் பொத்தானின் அடியில் ஒரு கறுப்புக் காபன் வில்லை, அதன் கீழே இரண்டு கடத்திகள்.

முதலாவது சுற்று

மின்கலம், பலகை, தடையி, ஒளிகாலும் இருவாயி ஆகிய நான்கையும் தொடராக இணைத்தோம். 1.5 வோல்ற்று உலர்கலங்கள் நான்கு, ஆகவே 6 வோல்ற்று. சிவப்பு ஒளிகாலும் இருவாயிக்குக் குறுக்கே ஏறத்தாழ 2 வோல்ற்று விழும். மிகுதி 4 வோல்ற்றைத் தடையி ஏற்க வேண்டும். 470 ஓம் தடையியைப் பயன்படுத்தினால்,

மின்னோட்டம் = 4 ÷ 470 = 0.0085 அம்பியர், அதாவது 8.5 மில்லியம்பியர்.

இது போதுமானது. தடையி இல்லாமல் ஒளிகாலும் இருவாயியை 6 வோல்ற்றுக்கு நேரடியாக இணைத்தால் அது ஒரு தடவை பிரகாசமாக எரிந்து பின் எப்போதும் எரியாது. எங்கள் வகுப்பில் அப்படி இரண்டு போயின. 470 ஓமின் நிறப் பட்டிகள் மஞ்சள், ஊதா, கபிலம்.

விரலால் அழுத்தியபோது விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்பால் எய்தபோது, ஒருவர் "எரிந்தது" என்றார், மற்றவர் "எரியவில்லை" என்றார். பழைய சண்டையே திரும்பவும்! தொடுகை 10 மில்லிசெக்கன் அளவே நீடிப்பதுதான் காரணம். செக்கனின் நூறில் ஒரு பங்குக்கு மினுங்கும் சிறிய விளக்கைப் பகல் வெளிச்சத்தில், அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பவர் காண்பது கடினம். பலகை உண்மையைச் சொன்னது. ஆனால் மிக விரைவாகச் சொல்லிவிட்டது.

இரண்டாவது சுற்று: கொள்ளளவியும் திரான்சிற்றரும்

சொன்னதைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்க ஒரு பாத்திரம் வேண்டும். கொள்ளளவி அத்தகையது. விரைவாக நிரப்பலாம், மெதுவாக வெறுமையாக்கலாம். திறந்த குழாயின் கீழே ஒரு கணம் வாளியைப் பிடித்து நிரப்பிவிட்டு, அடியில் உள்ள சிறு துளையால் ஒழுகவிடுவது போன்றது.

இணைக்கும் முறையைப் படமாக வரைந்துகொண்டே வாசியுங்கள். நேர் முனையிலிருந்து 10 ஓம் தடையி (கபிலம், கறுப்பு, கறுப்பு). அதன் பின் பலகை. அதன் பின் 100 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியின் நேர்த்தகடு. கொள்ளளவியின் மறை முனை மின்கலத்தின் மறை முனைக்கு. அதே நேர்த்தகட்டிலிருந்து 22 கிலோ ஓம் தடையி (சிவப்பு, சிவப்பு, செம்மஞ்சள்) ஊடாக என்.பி.என். திரான்சிற்றரின் அடிக்கு ஒரு கம்பி. காலி நேரே மறை முனைக்கு. நேர் முனையிலிருந்து 470 ஓம், ஒளிகாலும் இருவாயி, பின்னர் சேகரிப்பான்.

திரான்சிற்றராக சீ828 அல்லது டீ400 எடுங்கள். நம் ஊர்க் கடைகளில் இவை கிடைக்கும். எழுத்துள்ள தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாகக் காலி, சேகரிப்பான், அடி. வேறு இலக்கமுடைய திரான்சிற்றர்களில் இந்த ஒழுங்கு மாறும் என்பதால் பல்மானியால் சோதித்துவிட்டே இணைக்க வேண்டும்.

அம்பு படுகிறது. 10 ஓம் ஊடாகக் கொள்ளளவி நிரம்புகிறது. நேர மாறிலி 10 × 0.0001 = 0.001 செக்கன்; ஆகவே 10 மில்லிசெக்கன் தாராளமாகப் போதும். அதில் சேரும் மின்னேற்றம் 100 மைக்ரோபரட்டு × 6 வோல்ற்று = 600 மைக்ரோகூலோம். அம்பு விலகிவிட்டது, பலகை திறந்துவிட்டது. ஆனால் கொள்ளளவியில் இன்னும் 6 வோல்ற்று இருக்கிறது. அது 22 கிலோ ஓம் ஊடாக அடிக்குள் மெல்ல வடிகிறது.

இப்போது மெதுவாக வாசிக்க வேண்டிய இடம். அடிக்கும் காலிக்கும் இடையே ஏறத்தாழ 0.7 வோல்ற்று கிடைத்தால் அடி மின்னோட்டம் பாயும். தொடக்கத்தில் அது (6 − 0.7) ÷ 22 000, ஏறத்தாழ 0.24 மில்லியம்பியர். இந்தச் சிறு மின்னோட்டம் விளக்கை எரிக்காது. விளக்கை எரிப்பது, சேகரிப்பானிலிருந்து காலிக்குப் பாயும் 8 மில்லியம்பியர் மின்னோட்டம். அது மின்கலத்திலிருந்து நேரே வருகிறது. அடி மின்னோட்டம் அந்தப் பாதையைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. பல மாணவர்கள் "திரான்சிற்றர் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது" என்று எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள். திரான்சிற்றர் எதையும் உண்டாக்குவதில்லை. வயலில் வாய்க்கால் மடையைத் திறப்பவர் தண்ணீரை உண்டாக்குகிறாரா?

திரான்சிற்றரின் மின்னோட்ட நயம் 100 எனின், 8 மில்லியம்பியருக்குத் தேவையான அடி மின்னோட்டம் 8 ÷ 100 = 0.08 மில்லியம்பியர். கொள்ளளவியின் வோல்ற்றளவு ஏறத்தாழ 2.5 வோல்ற்றாகக் குறையும்வரை இது கிடைக்கும் (0.08 மில்லியம்பியர் × 22 கிலோ ஓம் = 1.76 வோல்ற்று, அதனுடன் 0.7ஐக் கூட்டுக). 22 000 × 0.0001 = 2.2 செக்கன் என்னும் நேர மாறிலிக்கு, இது ஏறத்தாழ 2 செக்கன். அதுவரை விளக்கு முழு ஒளியுடன் எரியும். பின்னர் மெல்ல மங்கி அணையும்.

செய்து பார்த்தபோது அப்படியே நடந்தது. அம்பு கீழே விழுந்து உருண்டு நிற்கும்வரை விளக்கு எரிந்தது. அன்று மாலை அந்த இருவரும் ஒரே குடையில் பஸ் தரிப்பிடத்துக்குப் போனதைக் கண்டேன்.

மூன்றாவது சுற்று: மறக்காத பலகை

இரண்டு செக்கன் போதாத சந்தர்ப்பங்களும் உண்டு. ஐந்து பலகைகளை வரிசையாக வைத்து, எத்தனை விழுந்தன என்று இறுதியில் எண்ண வேண்டுமானால் ஒவ்வொன்றும் மத்தியஸ்தர் அழிக்கும்வரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்கு இரண்டு திரான்சிற்றர்கள் வேண்டும். தி1, தி2 என்று அழைப்போம்.

இரண்டின் காலிகளும் மறை முனைக்கு. தி1இன் சேகரிப்பானில் முன்போலவே 470 ஓமும் ஒளிகாலும் இருவாயியும். தி2இன் சேகரிப்பானிலிருந்து 1 கிலோ ஓம் நேர் முனைக்கு. இனி குறுக்குப் பிணைப்பு: தி1இன் சேகரிப்பானிலிருந்து 10 கிலோ ஓம் ஊடாகத் தி2இன் அடிக்கு, தி2இன் சேகரிப்பானிலிருந்து 10 கிலோ ஓம் ஊடாகத் தி1இன் அடிக்கு. பலகையைத் தி2இன் அடிக்கும் மறை முனைக்கும் இடையே இணைக்க. தி1இன் அடிக்கும் மறை முனைக்கும் இடையே ஓர் அழுத்து ஆளி. அது அழிக்கும் பொத்தான்.

தி2 திறந்த நிலையில், அதாவது கடத்தும் நிலையில் இருக்கிறது என்க. அதன் சேகரிப்பான் ஏறத்தாழ 0.2 வோல்ற்றில் இருக்கும். 0.7 வோல்ற்றுக்குக் குறைவாக இருப்பதால் தி1 கடத்தாது, விளக்கு அணைந்திருக்கும். இப்போது அம்பு படுகிறது. தி2இன் அடி ஒரு கணம் மறை முனையைத் தொடுகிறது. தி2 கடத்தல் நிற்கிறது. உடனே அதன் சேகரிப்பான் உயர்கிறது, தி1இன் அடிக்கு மின்னோட்டம் கிடைக்கிறது, தி1 கடத்தத் தொடங்குகிறது, விளக்கு எரிகிறது. தி1இன் சேகரிப்பான் 0.2 வோல்ற்றுக்கு இறங்கிவிட்டதால், அம்பு விலகிய பின்னும் தி2ஆல் கடத்த முடியாது. ஒன்று மற்றொன்றை அடக்கி வைத்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கதை எதிர்ப்பக்கமாக நடக்கும்.

இரண்டு உறுதியான நிலைகள் கொண்ட இந்தச் சுற்றைப் பிலிப்-புளொப் என்பர். இது ஒரு பிற் தகவலைச் சேமிக்கிறது: பட்டது 1, படவில்லை 0. கணினியின் விரைவான நினைவகங்களிலும் ஒவ்வொரு பிற்றும் இதே கருத்தின்படியே பிடித்து வைக்கப்படுகிறது. அங்கே கோடிக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாத அளவில்.

எங்கள் சுற்றில் ஒரு குறை வந்தது. அழித்த பின்னும் விளக்கு மிக மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மூன்று பேர் தனித்தனியே சரிபார்த்தும் பிழையான இணைப்பு ஒன்றும் இல்லை. பின்னர்தான் விளங்கியது. தி2இன் அடி மின்னோட்டம் எங்கிருந்து வருகிறது? நேர் முனையிலிருந்து 470 ஓம், ஒளிகாலும் இருவாயி, 10 கிலோ ஓம் ஊடாக. ஏறத்தாழ 0.3 மில்லியம்பியர் விளக்கின் ஊடாகவே போகிறது! இக்காலத்து ஒளிகாலும் இருவாயிகள் அவ்வளவுக்கும் ஒளிரும். 470 ஓமும் விளக்கும் சேர்ந்த பகுதிக்குச் சமாந்தரமாக 1 கிலோ ஓம் தடையி (கபிலம், கறுப்பு, சிவப்பு) ஒன்றை இணைத்தவுடன் அந்த மின்னோட்டம் தடையியின் வழியே போயிற்று. விளக்கு முற்றாக அணைந்தது. இக்கட்டுரையில் எதையாவது மறந்தாலும், பழுது தேடும்போது "இந்த மின்னோட்டம் எந்த வழியால் வருகிறது?" என்று கேட்கும் பழக்கத்தை மறக்காதீர்கள். அமைப்புக் கட்டுரை வினாக்களில் பாதி இக்கேள்விதான்.

மின்கலத்தை இணைத்தவுடன் விளக்கு எரியவும் கூடும், எரியாமலும் விடலாம். இரண்டு திரான்சிற்றர்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்தது அது. ஆகவே விளையாட்டைத் தொடங்கு முன் அழிக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும்.

இன்னொரு பழுது நம் காலநிலையால் வருவது. மழைக் காலத்தில் கலகெதரவில் காலணிப் பெட்டி மட்டை ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும். இரண்டு அலுமினிய முகங்களும் எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும். யாரும் எய்யாமலே "பட்டது". மட்டைக்குப் பதிலாக ஐஸ்கிறீம் பெட்டியின் பிளாத்திக்கு மூடியைப் பயன்படுத்திய பின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

வெளியுலகில் இதே கருத்து

வாட்போட்டியில் "பட்டதா?" என்னும் சண்டை எங்களுடையதைவிட மிகப் பழையது. எபே என்னும் வாளின் நுனியில் சிறிய அழுத்து ஆளி ஒன்று உண்டு. 750 கிராம் நிறைக்குச் சமனான விசையுடன் அழுத்தினாலே அது மூடும். 1936 பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் எபே பிரிவில் மின் முறையில் வெற்றித் தொடுகைகள் பதிவாயின. இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குத்தினால் என்ன செய்வது? இடைவெளி 40 மில்லிசெக்கனுக்குக் குறைவாயின் இருவரின் விளக்கும் எரியும்படி விதி உள்ளது. எங்கள் 200 கிராமும் அவர்களின் 750 கிராமும் ஒரே காரணத்துக்காக வந்த எண்கள்.

இலத்திரனியல் டார்ட் பலகையில் வேறொரு பிரச்சினை. 20 எண்களுக்கும் ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு என்று 60 புள்ளிப் பகுதிகள், நடுவில் 25, 50 ஆகிய இரண்டு, மொத்தம் 62. ஒவ்வொன்றும் ஓர் ஆளி. ஒவ்வோர் ஆளிக்கும் தனிக் கம்பி என்றால் 62 கம்பியும் ஒரு பொதுக் கம்பியும் வேண்டும். அதற்குப் பதிலாக 8 நிரைகள், 8 நிரல்கள் என்று கம்பிகளை அமைத்தால் அவை சந்திக்கும் இடங்கள் 64. 16 கம்பிகளே போதும்! சுற்று நிரைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மின்னழுத்தம் கொடுத்து, எந்த நிரலில் அது தென்படுகிறது என்று மிக விரைவாகப் பார்த்துக்கொண்டிருக்கும். கணிதத்தில் தாயம் படிக்கும்போது "இதனால் என்ன பயன் சேர்?" என்று கேட்பவர்களுக்கு என் விடை இது. கணினியின் விசைப்பலகையும் இவ்வாறே வாசிக்கப்படுகிறது.

அலுமினியத் தாளே இல்லாமலும் அம்பை உணரலாம். 1880இல் பியர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர்கள் சில பளிங்குகளை அழுத்தும்போது மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டார்கள். இது பீசோ விளைவு. எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் கருவியில் "டிக்" என்று பொறி பறப்பது இதனால்தான். பழுதான விளையாட்டுச் சாமான்களின் ஒலி எழுப்பும் பித்தளை வில்லையைக் கழற்றிப் பலகையின் பின்புறம் ஒட்டினால், மோதலின் போது அது சிறு மின்துடிப்பைத் தரும். தேய்வதற்குத் தொடுகை எதுவும் இல்லை. ஆனால் அத்துடிப்பை ஒரு நுண்கட்டுப்படுத்திக்குக் கொடுக்கும்போது வில்லைக்குச் சமாந்தரமாக 1 மெகா ஓம் தடையி இணைப்பது வழக்கம். சாதாரண தரத்துக்கு இவ்வளவு அறிந்தால் போதும்.

"ஒளியுணர் தடையி வைத்தால் என்ன?" என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. அம்பு ஒளிக்கற்றையை மறைக்கும்போது தடை கூடும், அதை அறியலாம் என்பது அவரின் கருத்து. 7 சென்ரிமீற்றர் நீளமான அம்பு செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் கற்றையைக் கடக்க எடுக்கும் நேரம் 0.07 ÷ 20 = 0.0035 செக்கன். ஒளியுணர் தடையி தன் தடையை மாற்றுவதற்குப் பல பத்து மில்லிசெக்கன் எடுக்கும். அது உணரும் முன் அம்பு வீட்டுக்குப் போய்விடும். தெருவிளக்குக்கு ஒளியுணர் தடையி, அம்புக்கு ஒளி இருவாயி அல்லது ஒளித் திரான்சிற்றர்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகைக்கு அருகில் நிற்பவர் எவராயினும் கண்ணாடி அணிய வேண்டும். 0.2 யூல் கையில் பட்டால் ஒன்றுமில்லை. கண்ணில் பட்டால் அப்படியல்ல. மின்கலத்தை மட்டுமே பயன்படுத்துங்கள். சுவர் மின்னை இதில் ஒருபோதும் இணைக்க வேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. 9 வோல்ற்று மின்கலத்துடன் 2 வோல்ற்று வீழ்ச்சியுள்ள ஒளிகாலும் இருவாயி ஒன்றை 10 மில்லியம்பியர் மின்னோட்டத்தில் எரியச் செய்யத் தேவையான தடையைக் கணிக்க.

விடை: தடையிக்குக் குறுக்கே 9 − 2 = 7 வோல்ற்று. தடை = 7 ÷ 0.01 = 700 ஓம். (கடையில் 680 ஓம் கிடைக்கும். அதில் மின்னோட்டம் 10.3 மில்லியம்பியர். விடைத்தாளில் 700 என்றே எழுதுக. 9ஐ நேரே 0.01ஆல் வகுத்து 900 என எழுதுவது வழமையான பிழை.)

2. இரண்டாவது சுற்றில் 100 மைக்ரோபரட்டுக்குப் பதிலாக 220 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியை இணைத்தால் விளக்கு எரியும் நேரத்துக்கு என்ன நிகழும்? காரணம் தருக.

விடை: நேரம் ஏறத்தாழ 2.2 மடங்காகக் கூடும். அதே வோல்ற்றளவில் கூடிய மின்னேற்றம் சேமிக்கப்படும்; அதே தடையினூடாக அது இறங்க அதிக நேரம் எடுக்கும். ("கூடிய மின்சாரம் இருக்கும்" என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. மின்னேற்றம் என்ற சொல் வர வேண்டும்.)

3. என்.பி.என். திரான்சிற்றரின் குறியீட்டை வரைந்து மூன்று முனைகளையும் பெயரிடுக.

விடை: அம்புக்குறி காலியில் மட்டுமே இருக்கும், என்.பி.என். வகைக்கு அது வெளிநோக்கியது. பரீட்சகர் முதலில் பார்ப்பது இந்த அம்புக்குறியைத்தான். ஒளிகாலும் இருவாயியின் இரண்டு சிறிய அம்புகளும் வெளிநோக்கியவையே. உள்நோக்கி வரைந்தால் அது ஒளி இருவாயி ஆகிவிடும்.

4. அ, ஆ என இரண்டு பலகைகள் உள்ளன. (i) எதாவது ஒன்றில் பட்டாலும், (ii) இரண்டிலும் பட்டால் மட்டுமே விளக்கு எரிய வேண்டும். ஒரு மாணவர் முதலாவது தேவைக்குப் பலகைகளைச் சமாந்தரமாகவும், இரண்டாவது தேவைக்குத் தொடராகவும் இரண்டாவது சுற்றில் இணைத்தார். முதலாவது சரியாக வேலை செய்தது. இரண்டாவது ஒரு தடவையேனும் எரியவில்லை. ஏன்? எவ்வாறு திருத்தலாம்?

விடை: சமாந்தர இணைப்பு ஓர் படலையை ஒத்தது, எந்தப் பலகை மூடினாலும் கொள்ளளவி நிரம்பும். தொடர் இணைப்பு அன்ட் படலையை ஒத்தது. ஆனால் இரண்டு பலகைகளும் ஒரே கணத்தில் மூடியிருந்தால் மட்டுமே மின்னோட்டம் பாயும். ஒவ்வொரு தொடுகையும் 10 மில்லிசெக்கன் அளவே நீடிப்பதால், அடுத்தடுத்து எய்யும் இரண்டு அம்புகள் ஒரே கணத்தில் படுவதில்லை. திருத்தம்: ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பிலிப்-புளொப் அமைத்து, அவற்றின் இரண்டு வெளியீடுகளையும் அன்ட் படலை ஒன்றின் உள்ளீடுகளாகக் கொடுத்தல். முதலாவது அம்பு பட்டதை முதலாவது பிலிப்-புளொப் பிடித்து வைத்திருக்கும். இரண்டாவது அம்பு எப்போது பட்டாலும் விளக்கு எரியும்.